மானநஷ்டம்: அங்கத்தினர் அறிய வேண்டிய சட்டம்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நம்மவர் கேட்பது வழக்கம். மூட முடியாது என்பதே உலக அனுபவம். ஆயினும், ஊர் வாயிலிருந்து வரும் சொல்லுக்குச் சொன்னவரே பொறுப்பு என்று சட்டம் விதித்திருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கூட்டுறவு பணத்தால் மட்டும் நடப்பதன்று, நாணயத்தால் நடப்பது. செல்லூரில் தறி போட்டிருக்கும் நெசவாளரிடம் சங்கம் பாவையும் ஊடை நூலையும் நம்பி ஒப்படைக்கிறது. மேலூர்ப் பக்கத்து நெல் விவசாயிக்கும் திருமங்கலத்துக் கரிசல் மண்ணில் பருத்தி போடுபவருக்கும் சங்கம் பயிர்க்கடன் கொடுக்கிறது. அங்கத்தினரோ தம் பங்குத் தொகையையும் சேமிப்பையும் செயலாளர் கையில் நம்பி விடுகின்றனர். இவ்வாறு ஒருவரையொருவர் நம்பி நடக்கும் இடத்தில், ‘அவர் கை சுத்தமில்லை’ என்ற ஒரு சொல் போதும். ஒரு மனிதர் இருபது ஆண்டுகள் ஈட்டிய பெயர் ஒரு மாலைப் பொழுதில் அழிந்துவிடும்.

இது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. சங்கத்தில் உண்மையாகவே குறை இருக்கிறது, இருப்பு குறைகிறது, கணக்கு ஒத்து வரவில்லை. அதைக் கேட்க எழும் அங்கத்தினரை நோக்கி, ‘மானநஷ்ட வழக்குப் போடுவேன்’ என்று ஒரு குரல் எழுகிறது. அவர் அடங்கி உட்கார்ந்து விடுகிறார். அவருடன் சங்கத்தின் உண்மையும் உட்கார்ந்து விடுகிறது. நாம் ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் இவ்விரு தீமைகளையும் காண்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சட்டம் எதைத் தடுக்கிறது, எதை அனுமதிக்கிறது என்பதை அறியாமை. அதை இங்கே சுருக்கமாக விளக்க முற்படுகிறோம்.

சிவிலும் கிரிமினலும்

மானநஷ்டத்துக்குப் பரிகாரம் இரு வகை. ஒன்று, சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கோரும் வழக்கு. இதற்கென நம் நாட்டில் தனிச் சட்டப் புத்தகம் இல்லை. நீதிமன்றங்கள் தீர்ப்புக்குத் தீர்ப்பு வகுத்து வந்த நெறிகளே சட்டமாக நிலவுகின்றன. மற்றொன்று, கிரிமினல் வழக்கு. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 ஆகிய பிரிவுகள் இதற்கு அடிப்படையாக இருந்தன. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 356-ஆம் பிரிவு பழைய விதிகளை ஏறக்குறைய அவ்வாறே ஏற்றுக்கொண்டு, தண்டனையில் மட்டும் சமுதாய சேவை என்ற ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறது. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்பது முன்போலவே நிற்கிறது.

ஒருவரைப் பற்றிப் பேசியதற்குச் சிறைத் தண்டனை விதிப்பது பேச்சுரிமைக்கு மாறானது என்று கூறி, மதுரைத் தொகுதியின் முன்னாள் மக்களவை உறுப்பினர் சுப்பிரமணியன் சுவாமி முதலியோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2016 மே 13 அன்று நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. மனிதனின் நற்பெயர் அவன் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்றும், ஒருவர் பேச்சுரிமைக்காக மற்றொருவர் பெயரைப் பலியிட முடியாது என்றும் அது கருதியது. ஆகவே கிரிமினல் வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

நான்கு கூறுகள்

கசப்பான பேச்சு ஒவ்வொன்றும் மானநஷ்டம் ஆகிவிடாது. வழக்குத் தொடுப்பவர் நான்கு விஷயங்களை நிலைநாட்ட வேண்டும்.

முதலாவது, பெயரைக் கெடுக்கும் கூற்று ஒன்று இருக்க வேண்டும். அது வாய்ச்சொல்லாக இருக்கலாம். எழுத்தாக, சைகையாக, கேலிச் சித்திரமாகவும் இருக்கலாம். நேராகச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. ‘நம் செயலாளர் மகா உத்தமர், நூல் இருப்புக் குறைந்ததற்கும் அவர் புது வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை’ என்று ஒருவர் குறும்பாகப் புன்னகைத்துச் சொன்னால், கேட்பவர் எதை உணர்வர்? மறைமுக இகழ்ச்சியும் இகழ்ச்சியே என்று சட்டத்தின் விளக்கம் தெளிவாகக் கூறுகிறது.

கூற்றினால் பெயர் கெடுவது என்றால் என்ன? பிறர் மதிப்பில் ஒருவரது ஒழுக்கமோ அறிவோ தாழ்வது. சாதி அல்லது தொழில் பற்றிய மதிப்புத் தாழ்வது. அவரது கடன் நாணயம் குறைவது. இவற்றைச் சட்டம் குறிப்பிடுகிறது. கையால் முடிச்சிட்ட மதுரைச் சுங்குடி என்று சொல்லி அச்சடித்த சேலையை விற்கிறார் என்று ஒரு நெசவாளர் மீது பொய்யாகச் சொல்வது அவர் தொழிலைத் தாக்குவது. ‘அவருக்குக் கொடுத்த கடன் திரும்பாது’ என்று ஒரு விவசாயியைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது அவர் நாணயத்தைத் தாக்குவது. கோபத்தில் கொட்டிய வெறும் வசைமொழி இவற்றினின்று வேறு. அது மனத்தைப் புண்படுத்தலாம். ஆனால் கேட்டவர் யாரும் அதை உண்மை என்று கொள்ளாவிட்டால், பெயர் கெட்டது என்று கூறுவது கடினம்.

இரண்டாவது, அக்கூற்று வழக்குத் தொடுப்பவரையே குறித்ததாக இருக்க வேண்டும். பெயரைச் சொல்லாமல் விட்டால் தப்பிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. ‘சாவி வைத்திருப்பவரைக் கேளுங்கள்’ என்றால், கிடங்குச் சாவி ஒருவரிடமே இருக்கும்போது, அவர் பெயரைச் சொன்னதற்கு அது சமம். மாறாக, கூட்டம் பெரிதாகி வரம்பு அற்றுப் போனால் எவரும் தம்மைக் குறித்தது என்று கூற இயலாது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய வழக்கு உண்டு. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டில் நிறைவேறிய ஒரு தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டதாக நாளிதழ்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவர் சொக்கப்பா மானநஷ்டப் பிராது கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1972-இல் முடிந்தது. மாநாட்டுக்கு வந்து போன கூட்டம் இன்னார் என்று வரையறுக்கக் கூடிய அமைப்பு அல்ல. ஆகவே தலைவர் தாம் பாதிக்கப்பட்டதாகக் கூற இடமில்லை என்று பிராது தள்ளுபடியாயிற்று. நடிகை குஷ்பு 2005-இல் அளித்த பேட்டி குறித்துத் தமிழ்ப் பெண்கள் அனைவரையும் இழிவுபடுத்தினார் என்று கூறித் தொடரப்பட்ட 23 பிராதுகளையும், இதே போன்ற காரணம் காட்டி 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

நமக்கு இதனால் விளங்குவது யாது? ‘இக்காலத்தில் சங்கம் நடத்துபவர் எல்லாரும் அப்படித்தான்’ என்ற பொதுப் புலம்பல் வழக்குக்கு உரியதன்று. ‘நம் சங்கத்து நிர்வாகக் குழு ஏழு பேரும் பங்கு போட்டுக் கொண்டனர்’ என்பது உரியது. ஏழு பேரும் இன்னார் என்று ஊரார் அறிவர். பதிவு பெற்ற சங்கமும் சட்டத்தின் கண்ணில் ஒரு நபரே. தன் பெயர் கெட்டால் அதுவும் தன் பெயரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

மூன்றாவது, கூற்று மூன்றாம் நபர் ஒருவருக்கேனும் எட்டியிருக்க வேண்டும். இதைச் சட்டத்தில் பிரசுரம் என்பர். பிரசுரம் என்றதும் அச்சு யந்திரத்தை நினைக்க வேண்டாம். டீக்கடையில் ஒருவர் காதில் சொன்னதும் பிரசுரமே. மாறாக, செயலாளரைத் தனியே கண்டு, ‘நீர் நேர்மையாக நடக்கவில்லை’ என்று அவரிடம் மட்டும் கூறினால் பிரசுரம் இல்லை. மூடிய உறையில் அவர் கையில் சேரும் கடிதமும் அவ்வாறே. அதே வாசகத்தைத் தபால் அட்டையில் எழுதினால், வழியில் பிறர் படிக்க இடம் உண்டு. அங்கே ஆபத்துத் தொடங்குகிறது.

‘நானாகச் சொல்லவில்லை, பிறர் சொன்னதைச் சொன்னேன்’ என்ற சமாதானமும் செல்லாது. ஒருவர் கூறிய பழியைத் திருப்பிக் கூறுவது புதிய பிரசுரம். இந்நாளில் கைப்பேசிக் குழுவில் வந்த செய்தியை மறு குழுவுக்குத் தள்ளிவிடுவது எளிதாகிவிட்டது. விரல் நுனியால் தள்ளினாலும் வாயால் சொன்னாலும் பொறுப்பு ஒன்றே.

நான்காவது, கூற்றினால் பெயருக்குக் கேடு விளைந்திருக்க வேண்டும். இங்கே நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று நினைவில் கொள்ளத்தக்கது. ஆங்கிலச் சட்டத்தில், எழுத்தால் இழைத்த அவதூறுக்கும் வாய்ச்சொல்லால் இழைத்த அவதூறுக்கும் பேதம் உண்டு; வாய்ச்சொல்லாயின், சில இனங்கள் நீங்கலாக, பண நஷ்டத்தைத் தனியே நிரூபிக்க வேண்டும். 1884-இல் பார்வதி என்பவருக்கும் மன்னார் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில், ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பழித்துப் பேசியது குறித்துக் கேள்வி எழுந்தது. அந்த ஆங்கில விதியை நம் நாட்டுக்கு ஒட்ட வேண்டியதில்லை என்று உயர்நீதிமன்றம் தீர்த்தது. மானம் போனால் போதும். காசு போயிற்று என்று காட்ட வேண்டியதில்லை. மானமே பெரிதென வாழும் நம் மக்களின் உள்ளத்துக்கு இத்தீர்ப்பு இசைந்தது என்றே கூற வேண்டும்.

கிரிமினல் வழக்குக்கு இவற்றுடன் ஐந்தாவதாக ஒன்றும் தேவை. பெயருக்குக் கேடு செய்ய வேண்டும் என்ற எண்ணமோ, கேடு விளையும் என்ற அறிவோ, அவ்வாறு நம்பக் காரணமோ சொன்னவரிடம் இருந்திருக்க வேண்டும்.

உண்மை பேசினால் அச்சமில்லையா?

‘நான் சொன்னது உண்மை, எனக்கென்ன பயம்’ என்பது பலர் வாதம். சிவில் வழக்கில் இது முழுமையான கவசம். கூற்று உண்மை என்று நிரூபித்தால் நஷ்டஈடு கிடையாது. கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது. அது பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டிருக்கவும் வேண்டும். சங்கப் பணம் குறைந்தது பற்றிய உண்மை பொது நன்மைக்கு உரியது. கணக்கெழுதுபவர் குடும்பத்தில் நடந்த சச்சரவு பற்றிய உண்மை அங்கத்தினரின் எந்த நன்மைக்கும் உரியதன்று.

ஆனால் எளிய அங்கத்தினருக்கு உண்மையை நிரூபிப்பது எளிதோ? ஏடுகள் அவர் கையில் இல்லை. அவர் கண்டது ஒரு பகுதியே. இதை அறிந்தே சட்டம் பத்து விதிவிலக்குகளை வகுத்திருக்கிறது. அவற்றுள் நமக்கு மிகவும் பயன்படுபவை இரண்டு. ஒருவர் மீது சட்டப்படி அதிகாரம் உடையவரிடம் அவரைப் பற்றி நல்லெண்ணத்துடன் புகார் செய்வது எட்டாவது. தம் நலத்தையோ பிறர் நலத்தையோ பொது நன்மையையோ காப்பதற்காக நல்லெண்ணத்துடன் கூறுவது ஒன்பதாவது. இவற்றின் கீழ், சொன்னது பின்னர் பிழை என்று தெரிந்தாலும், சொன்னவர் குற்றவாளி ஆகார். சிவில் நீதிமன்றமும், சொல்ல வேண்டிய கடமை உடையவர் கேட்க வேண்டிய நலன் உடையவரிடம் துவேஷமின்றிக் கூறியதைப் பாதுகாக்கிறது.

நல்லெண்ணம் என்பது யாது?

இச்சொல்லே எல்லாவற்றுக்கும் அச்சாணி. நல்லெண்ணம் என்றால் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லாமை என்று நாம் பொருள் கொள்கிறோம். சட்டம் அதற்கும் மேலே கேட்கிறது. தக்க கவனமும் எச்சரிக்கையும் இன்றிச் செய்யப்பட்ட எதுவும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டது ஆகாது என்பது சட்டத்தின் இலக்கணம். விசாரித்தீரா, ஏட்டைப் பார்த்தீரா, எதிர்த் தரப்பைக் கேட்டீரா என்பவையே கேள்விகள்.

விசாரியாத சொல்லின் விளைவை மதுரைக்காரர் எவரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்றான். பாண்டியன் விசாரியாமல் நம்பினான். பின் நிகழ்ந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நெருப்பில்லாமல் புகையுமா என்ற பழமொழியை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

உச்ச நீதிமன்றத்தின் இரு பஞ்சாப் வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும். 1960-களின் நடுவில் தீர்ந்த ஹர்பஜன் சிங் வழக்கில், மாநில முதலமைச்சரின் மகனைப் பற்றிக் கடுமையான குற்றச்சாட்டு வெளியிட்டவர் விடுதலை பெற்றார். விதிவிலக்கைக் கோருபவர் அரசுத் தரப்பைப் போல ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை. நம்பத்தக்க அளவில் காட்டினால் போதும் என்று நீதிமன்றம் கூறியது. 1970-இல் தீர்ந்த சமன் லால் வழக்கிலோ, ஒரு நகராட்சித் தலைவர் ஒரு மருத்துவத் தாதியின் ஒழுக்கத்தைப் பழித்துக் கடிதம் எழுதியிருந்தார். பதவியும் இருந்தது, பொது நன்மை என்ற வாதமும் இருந்தது. தக்க கவனத்துடன் விசாரித்ததாகக் காட்ட இயலவில்லை. தண்டனை உறுதியாயிற்று.

சிறு பிழை நேர்ந்தால் என் செய்வது என்று அஞ்சவும் வேண்டியதில்லை. 2004 ஜூலை 24 முதல் இயங்கிவரும் நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தாது மணல் பற்றிய பத்திரிகைச் செய்தி குறித்து எழுந்த பிராதை 2020-இல் ரத்து செய்தது. செய்தியில் சில்லறைப் பிழைகள் இருந்த ஒரே காரணத்தால் குற்றவியல் நடவடிக்கை கூடாது என்பது அதன் கருத்து.

யாரிடம் சொல்வது?

எட்டாவது விதிவிலக்கு எல்லா அதிகாரியிடமும் செய்யும் புகாருக்குப் பொருந்தாது. 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கன்வல் லால் வழக்கில், ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி மாவட்டப் பஞ்சாயத்து அதிகாரியிடம் புகார் எழுதினார். அவ்விஷயத்தில் அப்பெண்மீது அந்த அதிகாரிக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. ஆகவே விதிவிலக்கும் இல்லை என்று ஆயிற்று. புகாரின் விலாசம் தவறினால் பாதுகாப்பும் தவறும்.

ஆகவே அங்கத்தினர் சரியான விலாசத்தை அறிந்திருக்க வேண்டும். நெசவாளர் சங்கங்களுக்குப் பதிவாளர் அதிகாரம் கைத்தறித் துறையிடம் இருக்கிறது. அத்துறையின் மதுரை அலுவலகமே அணுக வேண்டிய இடம். விவசாயக் கடன் சங்கங்களுக்குச் சரகத் துணைப்பதிவாளரும் மண்டல இணைப்பதிவாளரும் உள்ளனர். பால் சங்கங்களுக்குப் பால்வளத் துறை. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணைக்கும், 82-ஆம் பிரிவு ஆய்வுக்கும், 87-ஆம் பிரிவு சங்கத்துக்கு நேர்ந்த நஷ்டத்தைக் காரணமானவரிடம் தண்டத்தீர்வையாக வசூலிப்பதற்கும் வழி வகுக்கின்றன. இவ்வளவு வாயில்கள் திறந்திருக்க, சுவரொட்டி ஒட்டுவானேன்?

பேரவையில் பேசும் முறை

பொதுப்பேரவையில் எது பேசினாலும் வழக்கில்லை என்று எண்ணுவோர் உண்டு. சட்டமன்றத்தில் உறுப்பினர் பேச்சுக்கு அரசியல் சட்டம் அளித்த முழுப் பாதுகாப்பு நம் பேரவைக்கு இல்லை. இங்கே உள்ளது நிபந்தனையுள்ள பாதுகாப்பு. சங்க விஷயத்தை, அங்கத்தினரிடம், ஆதாரத்துடன், துவேஷமின்றிப் பேசும் வரை அது நிற்கும். வேடிக்கை பார்க்க வந்த வெளியாரைக் கூட்டி வைத்து, ஒலிபெருக்கி கட்டிப் பேசினால் அது நழுவிவிடும்.

பேசும் முறையில் ஒரே விதியைக் கைக்கொண்டால் பெரும்பாலும் போதும்: கண்டதைச் சொல்க, தீர்ப்பைச் சொல்லற்க. ‘இருப்பு ஏட்டில் நூல் நாற்பது சிப்பம்; கிடங்கில் எண்ணினால் முப்பது; மீதிப் பத்து எங்கே என்று செயலாளர் விளக்க வேண்டும்’ என்பது கண்டது. ‘செயலாளர் பத்துச் சிப்பம் திருடினார்’ என்பது தீர்ப்பு. முன்னதற்கு ஏடு சாட்சி. பின்னதற்கு நீரே சாட்சி. பத்துச் சிப்பம் சாயப் பட்டறைக்குப் போயிருக்கலாம். ரசீது பதியாமல் விட்டிருக்கலாம். உண்மையாகவே களவு போயுமிருக்கலாம். எது என்று காண்பது விசாரணையின் வேலை. உர மூட்டைக் கணக்கானாலும் நகைக்கடன் பொட்டலமானாலும் முறை இதுவே. கேள்வியை எழுத்தில் கொடுத்து, நிகழ்ச்சிக் குறிப்பில் பதியச் செய்து, நகல் ஒன்றை வைத்துக் கொள்வது இன்னும் நன்று.

வழக்கு வந்தால்

கிரிமினல் பிராதைப் பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க வேண்டும், போலீசார் தாமாக வழக்கெடுக்கும் குற்றம் இதுவன்று, ஜாமீன் உண்டு. இப்போதைய நடைமுறைச் சட்டப்படி, பிராதை ஏற்பதற்கு முன்பே எதிரிக்குத் தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும். இதற்குக் கால வரம்பு மூன்றாண்டு. சிவில் வழக்குக்கோ 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஓராண்டே தருகிறது. பேசிய நாளிலிருந்து அல்லது பிரசுரித்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். இடையில் எந்த நிலையிலும் இருவரும் சமாதானமாகப் போகலாம். தவறாகச் சொல்லிவிட்டவர் சொன்ன அதே சபையில் எழுந்து திருத்திக் கூறுவது, பல வழக்குகளை வாசலிலேயே முடித்துவிடும்.

நிர்வாகத்தில் இருப்போருக்கும் ஒரு சொல். மானநஷ்டச் சட்டம் நற்பெயரைக் காக்கும் வேலி. கணக்கை மறைக்கும் திரை அன்று. கேள்வி கேட்டவரை வழக்கால் மிரட்டுவதைவிட ஏட்டைத் திறந்து காட்டுவதே பெயரைக் காக்கும் விரைந்த வழி. அங்கத்தினரும், ஐயம் தோன்றிய இடத்தில் வாய் மூடியிராமலும், ஆதாரமில்லாத இடத்தில் வாய் திறவாமலும் நடந்தால், சங்கத்தின் பணமும் மனிதரின் மானமும் ஒருங்கே காக்கப்படும். ஒன்றை விற்று மற்றொன்றை வாங்க வேண்டிய அவசியம் நம் சட்டத்தில் இல்லை.